பல் பட்ட ஸ்க்ரூ டிரைவர்

"கொலை இல்ல, கொள்ளை இல்ல, ஓடிப்போன மாப்பிள்ளைகூட இல்ல. ஒரு காரு நின்ன எடத்துல உறுமுதாம். அதத் துப்பறிய ரெண்டு பேரு, ஒரு ஆட்டோ! நம்ம பொழப்பு இப்படி ஆயிடுச்சே மேடம்" என்று பாலகுமார் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே புலம்ப ஆரம்பித்துவிட்டான்.

"மொதல்ல ஆட்டோவ அனுப்பு. அப்புறம் உக்காந்து அழு" என்றாள் சங்கமித்ரா.

ஃப்ரேசர் டவுனில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள் சங்கமித்ரா. அதற்கு முன்னால் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, விபத்தில் நசுங்கிய கார்களுக்கு அடியில் படுத்துப் புரண்டு பொய் கிளெய்ம்களைக் கண்டுபிடித்தவள். பாலகுமார் ஆம்பூர்க்காரன். கம்ப்யூட்டர் படிக்க பெங்களூர் வந்து, கம்ப்யூட்டரை அணைக்க மட்டும் கற்றுக்கொண்டு, அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். வாய்க்குத்தான் சம்பளம் என்றால் அவன் இந்நேரம் சொந்த வீடு கட்டியிருப்பான்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்த பங்களாவின் தோட்டத்தில் ரோஜாச் செடிகள்கூட வரிசையில் நின்றன. டோரதி அம்மாள் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உக்காருங்க மிஸ். தம்பி, நீ ஷூவ வெளிய விட்டுட்டு வா" என்றார் அவர். பாலகுமார் ஐந்தாம் வகுப்புப் பையனாகி, ஷூவைக் கழற்றிவிட்டு வந்தான்.

டோரதி அம்மாளின் புகார் இதுதான். வீட்டில் ஒரு பழைய ஃபியட் இருந்தது. சில மாதங்களாக, கியரில் போடாமல் சும்மா நிற்கும்போதே அதன் இன்ஜின் கத்தோ கத்தென்று கத்தியது. மெக்கானிக் வந்து சரிசெய்வான். அடுத்த வாரமே மறுபடி கத்தும். பெட்ரோலும் தண்ணீராய்ச் செலவானது.

"டிரைவர் அய்யாவுதான் பண்றான். நானே பார்த்தேன். காலையில கிச்சன் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, பானெட்டத் தொறந்து வச்சுக்கிட்டு கையில ஸ்க்ரூ டிரைவர். என்னடா பண்றேன்னு கேட்டா, தூசி தட்டுறேம்மாங்கறான்!"

"ஸ்க்ரூ டிரைவரால தூசி தட்டினா ஒரு ஜென்மம் போதாதே" என்றான் பாலகுமார்.

"அதான்! அவனும் மெக்கானிக்கும் கூட்டு. நாளைக்கு சர்ச்சுல அறுப்பின் பண்டிகை. அது முடிஞ்சு திங்கட்கிழமை அவனை அனுப்பிடப் போறேன். ஆனா..." டோரதி அம்மாளின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவன் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்ததே இந்த ஹால்லதான். அவன் என்னை ஏமாத்திட்டான்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வரல. தப்பா அனுப்பிடக் கூடாது. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

"உங்க ஹஸ்பண்ட் என்ன சொல்றார்?" என்று கேட்டாள் சங்கமித்ரா.

"அவரா?" டோரதி அம்மாள் கையை விரித்தார். "எட்வின் கொயர் மாஸ்டர். பாட்டைத் தவிர வேற எதுவும் அவர் மண்டையில ஏறாது. நான் சொன்னா சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவார். சனிக்கிழமை பிராக்டிஸ், ஞாயித்துக்கிழமை ஆராதனை, இந்த ரெண்டுக்கும் அவரே கார் ஓட்டுவார். மத்த நாள் எல்லாம் அய்யாவுதான். இன்னிக்கு நீங்க பார்க்கணுமேன்னு காரை நிறுத்தி வச்சேன். ஒரு பையன் ஸ்கூட்டர்ல வந்து அவரைக் கூட்டிட்டுப் போயிட்டான். காணிக்கைய எறக்க நாம கார்ல சர்ச்சுக்குப் போவோம். திரும்பி வர்றப்ப காரை அவர் எடுத்துட்டு வந்துடுவார்."

காரேஜில் கிரீம் நிற ஃபியட் நின்றது. சங்கமித்ரா சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஆங்காரத்தோடு உறுமியது. காரேஜ் தகரம் கிடுகிடுத்தது.

"இது நிக்கிற வண்டியா, ரேஸுக்குக் கெளம்புற வண்டியா?" என்று பாலகுமார் காதைப் பொத்திக்கொண்டான்.

"விசாரணைய ஆரம்பிப்போம். சந்தேகப் பட்டியல்ல மொத ஆளு, சோக்கு" என்றாள் சங்கமித்ரா. காலைக் குளிரில் கிளப்புவதற்காக இழுக்கும் சோக்கை உள்ளே தள்ள மறந்தால் இன்ஜின் கத்தும். ஆனால் சோக்கு நல்ல பிள்ளையாக முழுவதும் உள்ளே இருந்தது. "இவன் நிரபராதி. அடுத்து ஆக்ஸிலேட்டர்." பெடலை அழுத்தி விட்டாள். கம்பி எங்கும் சிக்காமல், ஸ்பிரிங் சட்டென்று பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டது. "இவனும் இல்ல."

"மூணாவது?"

"திருட்டுக் காத்து. கார்புரேட்டர் பொருந்துற எடத்துல எங்கயாவது இடுக்கு இருந்தா வெளிக்காத்து உள்ள நுழையும், இன்ஜின் ரேஸாகும்." அவள் அந்த இணைப்பைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலைச் சொட்டவிட்டாள். இடுக்கு இருந்தால் ஆயில் அதை அடைத்து, சத்தம் மாறியிருக்கும். இன்ஜின் அதே சுருதியில் கத்திக்கொண்டிருந்தது. "காத்தும் நல்லவன்தான்."

கடைசியாக அவள் டார்ச்சை கார்புரேட்டரின் பக்கவாட்டில் அடித்தாள். இன்ஜின் நின்ற இடத்தில் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று முடிவு செய்கிற ஐட்லிங் ஸ்க்ரூ அங்கே இருந்தது. சுற்றிலும் தூசியும் பிசுக்குமாக இருக்க, அதன் தலை மட்டும் பளபளவென்று மின்னியது.

"மேடம், இந்த ஏரியாவுலயே குளிச்சிட்டு உக்காந்திருக்கற ஆளு இவன் ஒருத்தன்தான்" என்றான் பாலகுமார்.

"அடிக்கடி யாரோ திருப்புறாங்க." சங்கமித்ரா தன் பையிலிருந்து எடுத்த ஸ்க்ரூ டிரைவரால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். உறுமல் தணிந்து, முனகலாகி, கடைசியில் இன்ஜின் சாதுவாக முணுமுணுத்தது. காரேஜ் தகரம் வாயை மூடிக்கொண்டது.

"கேஸ் முடிஞ்சுது. காபி குடுப்பாங்களா மேடம்?"

"வண்டியோட வியாதிதான் சரியாச்சு. திருப்புன கை யாருதுன்னு தெரிய வேணாமா?"

அலமாரியில், பழைய பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவர் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. மரக் கைப்பிடி. நுனியில் புது ஆயில். சங்கமித்ரா அதைக் கைக்குட்டையால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கைப்பிடியின் அடியில் மேலும் கீழுமாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

"எலி" என்றான் பாலகுமார்.

"எலின்னா சுரண்டியிருக்கும். இது மனுஷப் பல்லு. மேல வரிசை ஒண்ணு, கீழ வரிசை ஒண்ணு. முன் பல்லால அழுத்திப் பிடிச்சிருக்காங்க."

"அவ்ளோ பசியா? தெருமுனையிலதான் பேக்கரி இருக்கே!"

"மெக்கானிக்குங்க இன்ஜின் மேல ஸ்க்ரூ டிரைவர வச்சு, இன்னொரு நுனிய காதுல வச்சுக் கேப்பாங்க, பார்த்திருக்கியா? அது சகஜம். பல்லுல வைக்கிறவன நான் பார்த்ததில்ல. இந்தப் பல்லு யாருதுன்னு கண்டுபிடி, கேஸ் முடிஞ்சுது. அய்யாவுலேர்ந்து ஆரம்பி."

பல்லைக் காட்டுங்கள் என்று ஒரு ஆளிடம் கேட்க முடியாது. பாலகுமார் தெருமுனைத் தள்ளுவண்டியில் மிளகாய்ப்பொடி தூவிய இரண்டு கொய்யாக்காயை வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போனான். காக்கிச் சட்டை போட்ட அய்யாவு அங்கே ஒரு துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தன் மூளையை நினைத்து பாலகுமாருக்கே பெருமையாக இருந்தது.

"ஒரு கடி கடிங்கண்ணே. செம ருசி."

"நீ துண்ணு நைனா" என்று அய்யாவு வாயைத் திறந்து காட்டினார். மேல் வரிசையில் முன் பல் ஒன்றுகூட இல்லை. "இது போயி வருசமாச்சு. நமக்கு வாழப்பழந்தான் ஆவும்."

பாலகுமாரின் பெருமை பொசுக்கென்று போயிற்று. ஆனால் கூடவே ஏதோ ஒரு சந்தோஷமும் வந்தது. இந்த மனிதரை அவனுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"அண்ணே, அம்மா உங்க மேல கோவமா இருக்காங்க. வேலையே போயிடும் போல. அந்த ஸ்க்ரூவ நீங்க ஏத்தலன்னா, ஏத்தலன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

அய்யாவு காயப்போட்ட துணியையே எடுத்து மறுபடி உதறினார். "அனுப்புனா போறேன். எங்க ஈஜிபுராவுல வேற வண்டி கெடைக்காமயா பூடும்? இந்த வூட்டு வண்டி மாதிரி வராது, அவ்ளோதான்." துணியைக் கொடியில் போட்டார். "நெஜம் ஒண்ணு கீது நைனா. ஆனா அது என்னுது இல்ல. அத்த சொல்றதுக்கு எனக்குப் பாத்தியத இல்ல. சும்னே என்ன நோண்டாத."

கொஞ்ச நேரத்தில் எல்லோருமாக சர்ச்சுக்குக் கிளம்பினார்கள். பண்டிகைக்குக் காணிக்கையாக ஒரு பூசணிக்காயும் ஒரு வாழைத்தாரும் பின்சீட்டில் ஏற, அவற்றுக்கு நடுவில் பாலகுமார் மூன்றாவது காணிக்கையாக உட்கார்ந்தான். வாழைத்தாருக்கு அந்தப் பக்கம் சங்கமித்ரா. டோரதி அம்மாள் முன்சீட்டில். அய்யாவு ஓட்டினார்.

சிக்னலில் கார் நின்றது. இன்ஜின் இருக்கும் இடம் தெரியவில்லை.

"அப்பாடா! எவ்வளவு நாளாச்சு இப்படி அமைதியா உக்காந்து" என்று டோரதி அம்மாள் கண்ணை மூடினார்.

கண்ணாடியில் தெரிந்த அய்யாவுவின் முகத்தை சங்கமித்ரா பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டுக் களவாணி என்றால் எரிச்சல் வந்திருக்க வேண்டும். நல்லவர் என்றால் நிம்மதி வந்திருக்க வேண்டும். அங்கே தெரிந்தது கவலை.

"மிஸ்..." என்று அய்யாவு மெதுவாக ஆரம்பித்தார். "திரும்பி வர்றப்போ வண்டிய ஐயா எடுப்பாரு. இன்ஜின ஸ்வல்ப ஜாஸ்தியா வச்சுட்டீங்கன்னா..."

"பார்த்தீங்களா! மறுபடி ஏத்தச் சொல்றான்!" என்று டோரதி அம்மாள் கண்ணைத் திறந்தார்.

பச்சை விழுந்தது. அய்யாவு வண்டியை எடுத்தார்.

சர்ச்சுக்குள் பரங்கிக்காயும் கரும்பும் கீரைக்கட்டும் குவிந்துகிடந்தன. பீடத்துக்குப் பக்கத்தில் பாடகர் குழு நின்றது. அதன் முன்னால் வெள்ளை முடியும் வளையாத முதுகுமாக எட்வின் ஞானராஜ். பாட்டு ஆரம்பிக்கும் முன் அவர் சட்டைப் பையிலிருந்து, சுருதி பார்க்கும் இரும்புக் கவையை எடுத்தார். முழங்காலில் ஒரு தட்டு தட்டினார். பிறகு அதன் காம்பை முன்பற்களால் கடித்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு கணம் கழித்து, கொஞ்சமும் பிசகாத சுருதியில் 'ம்ம்ம்' என்று இழுத்தார். குழு அதைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தது.

"பாவம், இவருக்கும் பசி போல" என்று சொல்லிவிட்டு பாலகுமார் பாதியில் நிறுத்தினான். "மேடம்! பல்லு!"

"மெதுவா."

பாட்டு முடிந்ததும் சங்கமித்ரா, தண்ணீர் குடிக்க வந்த ஜூடித் என்ற பெண்ணைப் பிடித்தாள். "மாஸ்டர் எப்பவும் இப்படித்தான் சுருதி பார்ப்பாரா?"

"இல்லக்கா, முன்னாடி காதுகிட்ட வச்சுப்பார். இது புது ஸ்டைல். நாங்களும் கடிச்சுப் பார்த்தோம். தலைக்குள்ளயே பெல் அடிக்கற மாதிரி இருக்கு!"

"அப்ப ஸ்க்ரூவ ஏத்துனது இவருதான்" என்று பாலகுமார் கிசுகிசுத்தான். "ஏன்னும் எனக்குத் தெரியும். பழைய வண்டி கெட்டுப்போச்சுன்னு காட்டிட்டு, அம்மாகிட்ட புது மாருதி கேக்கப் போறாரு!"

"உன் மூளைக்கு ஐட்லிங் ரொம்ப ஜாஸ்தி. அதையும் கொஞ்சம் தளர்த்தணும்" என்ற சங்கமித்ரா வெளியே போய் அய்யாவுவிடம், "அண்ணா, வண்டிய ஸ்டார்ட் பண்ணி வாசல்ல நிறுத்துங்க. அப்படியே ஓடட்டும்" என்றாள். அய்யாவு கெஞ்சுவதுபோல அவளைப் பார்த்தார். பிறகு சொன்னபடி செய்துவிட்டு இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நின்றார்.

பிராக்டிஸ் முடிந்து எட்வின் வந்தார். மனைவிக்குக் கதவைத் திறந்துவிட்டார். வந்தவர்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். தன் சீட்டில் உட்கார்ந்தார். இன்ஜின் அவருக்கு முன்னால் சாதுவாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

எட்வின் சாவியைத் திருப்பினார்.

கர்ர்ர்ர்ர்!

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் ஸ்டார்ட்டரின் பல் போய் முட்டி அரைபட்டது. படியில் நின்ற பாடகர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எட்வினின் கை சாவியிலிருந்து துள்ளி விலகியது. அரைபட்ட அதிர்ச்சி கையில் தெரிந்ததே தவிர, அந்தச் சத்தம் அவர் முகத்தில் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. சுற்றிலும் திரும்பிய தலைகளைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் சிவந்தது.

"ஓடிட்டிருக்கற வண்டிய எதுக்கு மறுபடியும்..." என்று ஆரம்பித்த டோரதி அம்மாள் கணவரின் முகத்தைப் பார்த்தார். அவர் மனைவியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். டோரதி அம்மாளின் கை தன் வாய்க்குப் போயிற்று.

சங்கமித்ரா ஜன்னலருகே, அவருக்குத் தன் முகம் நன்றாகத் தெரியும்படி குனிந்தாள். கத்தவில்லை. நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். "மாஸ்டர், ஓடுதா நின்னுடுச்சான்னு தெரியலையா?"

எட்வின் ஸ்டீயரிங்கைத் தடவினார். "தெரியல மிஸ்" என்றார். "ஒருநாள் காக்ஸ் டவுன் சிக்னல்ல இதே மாதிரி பண்ணிட்டேன். ரோடே சிரிச்சுது. இன்ஜின் வேகமா ஓடினா ஸ்டீயரிங் அதிரும். கைக்குத் தெரியும். அதான் ஏத்தி வச்சேன். பல்லுல வச்சுக் கேட்டா சரியா இருக்கற மாதிரிதான் இருந்துச்சு. காது கேக்காதவனுக்கு எதுக்குப் பாட்டுன்னு யாராவது கேட்டுட்டா? நாளைக்குப் பண்டிகைப் பாட்டு மட்டும் முடிஞ்சுடட்டும்னு இருந்தேன்."

"என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?" டோரதி அம்மாளின் கண் நிறைந்துவிட்டது. சங்கமித்ராவின் பக்கம் திரும்பி, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார். "நான் என்ன பண்ணுவேன் மிஸ்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுஷன் நான் சொன்ன எதையும் காதுல வாங்கினதில்ல. இப்ப வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"பல்லு வழியா சுருதி பிசகாம கேக்குதுன்னா, உள்காது நல்லா இருக்குன்னு அர்த்தம் மேடம்" என்றாள் சங்கமித்ரா. "திங்கட்கிழமை டிரைவர அனுப்புறதுக்குப் பதிலா, அவர்கூட மாஸ்டர காது டாக்டர்கிட்ட அனுப்புங்க."

"டிரைவரை அனுப்பறதா?" எட்வின் அந்த வார்த்தைகளை அவள் உதட்டில் படித்துவிட்டு, மனைவியைப் பார்த்தார். "அய்யாவுவையா? எதுக்கு?"

டோரதி அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு விரலால் ஸ்க்ரூவைத் திருப்புவதுபோலக் காட்டினார். எட்வின் கதவைத் திறந்து இறங்கி, நேராக அய்யாவுவிடம் போனார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அய்யாவு அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று பேசினார். எவ்வளவோ நாளாக அப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறார் என்பது பாலகுமாருக்கு அப்போதுதான் உறைத்தது. "பின்னால லாரிக்காரன் ஆரன் அடிச்சா நீங்க திரும்பவே மாட்டீங்க ஐயா. அப்பவே தெரியும். நீங்க ஸ்க்ரூவ ஏத்துனதயும் பார்த்தேன். இன்ஜின் ரொம்பக் கத்துச்சு. வண்டியும் கெட்டுடும், அம்மாவும் கண்டுபுடிச்சுடுவாங்கன்னு நான் கொஞ்சம் எறக்கி வெப்பேன். மக்யாநாளு நீங்க ஏத்திடுவீங்க. அன்னிக்கு அம்மா பார்த்தது நான் எறக்குனதத்தான்."

"வேலை போற நேரத்துலகூட வாயத் தொறக்கல நீ" என்றார் டோரதி அம்மாள்.

"சொன்னா ஐயாவோட பாட்டு பூடுமேம்மா."

டோரதி அம்மாள் காரிலிருந்து இறங்கினார். படியில் பாடகர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் ஒரு பிள்ளையிடமும் சொல்லியிராத வார்த்தையை அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். "உன்னைத் தப்பா நெனச்சுட்டேன் அய்யாவு. என்னை மன்னிச்சிடு."

"வுடுங்கம்மா" என்று அய்யாவு பொக்கையாகச் சிரித்தார். கண்ணை மட்டும் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

சங்கமித்ராவின் பையிலிருந்து பல் பட்ட ஸ்க்ரூ டிரைவர் அய்யாவுவின் கைக்கு வந்தது. அவர் பானெட்டைத் திறந்து குனிந்தார். எட்வின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இடது கையை ஸ்டீயரிங்கில் பதித்து, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பாடகர் குழுவை நடத்துவதுபோலவே இன்ஜினை நடத்தினார். இன்னும் கொஞ்சம் ஏறட்டும். போதும், இறங்கட்டும். இன்னும் மெதுவாக. இன்ஜின் கத்தாமலும், அவர் கைக்கு முற்றிலும் மறைந்துவிடாமலும் ஒரு இடத்தில் வந்து நின்றபோது, அவர் பாட்டு முடிந்ததுபோல விரல்களைக் குவித்து மூடினார். படியில் ஜூடித் கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எட்வின் அந்தக் கைகளைப் பார்த்தார். காரிலிருந்து இறங்கி, தன் காதைத் தொட்டுக் காட்டி, அவர்களிடம் தானே சொல்லப் போனார்.

எட்வின் கார் ஓட்டும் நாட்களில் அய்யாவு பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவார். அன்று போகவில்லை. ஃபியட்டின் பின்சீட்டில், பூசணிக்காய் இருந்த இடத்தில் உட்கார்ந்து வந்தார். துப்பறிபவர்கள் பிடித்த ஆட்டோ பக்கத்திலேயே வந்தது. காக்ஸ் டவுன் சிக்னலில் சிவப்பு விழுந்தது. எட்வினின் கை சாவியை நோக்கித் தயங்கித் தயங்கிப் போனது. டோரதி அம்மாள் அந்தக் கையின் மேல் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார். கை ஸ்டீயரிங்குக்கே திரும்பிவிட்டது.

"ஒரு சந்தேகம் மேடம்" என்றான் பாலகுமார். "தட்டுனா ஓடுதுன்னு அர்த்தம். நின்னு போச்சுன்னா?"

"கிள்ளுவாங்க."

பச்சை விழுந்தது. கிளட்சை அவசரமாக விட்டதில் ஃபியட் ஒரு குலுக்கு குலுங்கி ஆஃப் ஆனது. மறுகணம் எட்வின் தன் சீட்டில் துள்ளினார். சாவியைத் திருப்பினார். கர்ர்ர் என்ற சத்தமே இல்லாமல் இன்ஜின் முதல் திருப்பலிலேயே கிளம்பியது. வலித்த கையை உதறிக்கொண்டே அவர் காரை ஓட்டிப் போனார்.